கிளுவை வேலியில் குடியிருந்தவர்கள்

"வேலிக்குள்ள கையை உட்டுடாதே அம்முணி, ஆரு குடியிருக்கறாங்கன்னு தெரியாது" என்பார் அப்பாரு. காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் கொறங்காட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. ஒருநாள் அதற்குள் உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்தேன். பந்துக்குப் பக்கத்தில் இன்னொரு பந்து, முள்ளோடு. அதுதான் நான் பார்த்த முதல் முள்ளெலி.

கொறங்காடு என்றால் காடு அல்ல, மேய்ச்சல் நிலம். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் அதற்குள் குடித்தனம் நடத்திக்கொள்ளும். ஊர்ப் பொது மேய்ச்சலும் அல்ல, குடும்பத்துச் சொந்த நிலம். நாலைந்து ஏக்கருக்கு ஒரு வேலி என்று பிரித்து, ஒன்றில் புல் குறைந்ததும் மாடுகளை அடுத்ததற்கு மாற்றுவார்கள். படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். கூலி மிச்சம் என்பதுதான் வேலியின் கணக்கு. ஓணானை நினைத்து யாரும் வேலி நடவில்லை.

மழைக்கு முன் கிளுவைப் போத்துகளை வெட்டி, நீளமாகக் குழி பறித்து நெருக்கமாக நடுவார்கள். தோண்டிய மண் அடியில் கரையாக அணையும். பிறகு கிளைகள் தாமாகவே பின்னிக்கொள்ளும்.

சித்திரையில் கிளுவையில் இலையே இருக்காது. மொட்டை வேலி என்ன நிழல் தரும் என்று நானும் நினைத்ததுண்டு. ஒரு மத்தியானம் செருப்பைக் கழற்றிவிட்டு வேலியோரம் காலை வைத்துப் பார்த்தேன். வெட்டவெளியில் ஒரு நொடி நிற்க முடியாத மண், அங்கே பொறுக்கும் சூட்டில் இருந்தது. பின்னிய குச்சிகள் வெயிலைச் சல்லடையாக்குகின்றன. பிரண்டையும் கோவையும் மேலே படர்கின்றன. உதிர்ந்த இலை மெத்தையாகிறது, கரை மண்ணில் வளை தோண்ட முடிகிறது. அரணை, உடும்பு, கீரி, காடை எல்லாம் மத்தியானத்தைக் கழித்தது அங்கேதான். முள்ளெலி பகல் முழுக்க அங்கே தூங்கி, இரவில் வண்டு தேடிக் கிளம்பும். தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட் 1851-இல் அறிவியல் பெயர் வைத்த இந்த முள்ளெலி இனம் தென்னிந்தியாவில் மட்டுமே உண்டு.

ஒரு காலத்தில் சப்பாத்திக்கள்ளியும் இந்தப் பக்கத்து வேலிதான். அது நிலத்தைத் தின்கிறது என்று 1926-இல் தென்னிந்தியாவுக்குக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். பஞ்சு போல் ஒட்டிய பூச்சி சில ஆண்டுகளில் கள்ளியை உலர்த்திவிட்டது. கள்ளி ஒழிந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதனடியில் இருந்தவை எங்கே போயின என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நானும்கூடப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் அதை யோசித்தேன்.

வேலி நிழலை நம்பியிருந்த ஓணானுக்கு உடம்புச் சூட்டைக் குறைக்க வேர்வை கிடையாது. நிழலுக்கு ஓடுவதுதான் முக்கிய வழி. வெயில் ஏற ஏற நிழலில் பதுங்கும் நேரம் கூடும், இரை தேடும் நேரம் குறையும், முட்டைக்குச் சத்துச் சேராது. மெக்சிகோவில் 1975 முதல் 1995 வரை ஓணான் வகைகளைப் பார்த்துவைத்த 200 இடங்களுக்கு மறுபடி போனபோது, 12 சதவீத இடங்களில் அவற்றைக் காணவில்லை. உயிரியலாளர் பாரி சினெர்வோவும் கூட்டாளிகளும் 2010-இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணமும் இந்த நேரக் கணக்குத்தான். பதுங்க நிழலே இல்லாவிட்டால் கணக்குப் போடவும் வேண்டியதில்லை.

இப்போது எங்கள் பக்கம் கல்தூணும் முள்கம்பியும். காற்றாலைக்குப் பாதை, தேங்காய்ப் பருப்புக்கு உலர்களம், மிச்சம் வீட்டுமனை. அண்ணனும் போன வருடம் மூன்று பக்கம் கிளுவையைப் பொக்லைன் விட்டுப் பறித்தார். நான் கோபித்துக்கொண்டேன், ஆனால் வேலி கழிக்க ஆள் கிடைக்காத கஷ்டம் அவருக்குத்தான் தெரியும்.

நாலாவது பக்கம் தப்பியது அண்ணியால். துவையலுக்குப் பிரண்டை வேண்டுமாம். பறிக்கப் போகும்போதெல்லாம் கையில் ஒரு குச்சி கொண்டுபோகிறார். வேலியை இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே சருகு சலசலத்து அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் ஒடிக்கிறார்.