வீணான முக்கால் பங்கு: ஒளித்திரைக்கு இரிடியம் வந்த வரலாறு

கரிம ஒளித்திரையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1987ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். நாம் 1803ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அவ்வாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்மித்சன் டெனன்ட், பிளாட்டினத் தாதுவை அமிலத்தில் கரைத்தபின் எஞ்சும் கரிய கசட்டினை ஆராய்ந்து, அதனுள் இரு புதிய உலோகங்களைக் கண்டார். ஒன்று ஆஸ்மியம். மற்றொன்றின் உப்புகள் பல வண்ணங்களில் அமைந்தமையால், கிரேக்கரின் வானவில் தெய்வமான ஐரிஸின் பெயரைத் தழுவி அதற்கு இரிடியம் எனப் பெயரிட்டார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அப்பெயர் எத்துணைப் பொருத்தமாகும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

கரிமப் பொருளில் மின்சாரத்தைச் செலுத்தி ஒளி பெறலாம் என்பது 1963இலேயே தெரிந்திருந்தது. நியூயார்க்கில் மார்ட்டின் போப் குழுவினர் ஆந்த்ரசீன் படிகத்தை அவ்வாறு ஒளிரச் செய்தனர். ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டியிருந்தது. 1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் மிக மெல்லிய இரு கரிமப் படலங்களை அடுக்கி, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பொலிவான பச்சை ஒளியைப் பெற்றனர். ஒளிர்ந்த பொருள், அலுமினிய அணுவை மூன்று குயினோலின் ஈனிகள் சூழ்ந்த ஓர் அணைவுச் சேர்மம். ஆக, முதல் வெற்றியிலேயே ஓர் உலோகம் இடம்பெற்றிருந்தது; ஆயினும் அது இலேசான உலோகம். நூறு எலக்ட்ரான்களைச் செலுத்தினால் வெளியே வந்த ஒளித்துகள் ஏறத்தாழ ஒன்றே.

இழப்பின் ஒரு பகுதி, ஒளி படலங்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால் நேர்வது. மற்றொரு பகுதி இயற்கையே விதித்தது. எதிர்மின் சுமை கொண்ட எலக்ட்ரானும் நேர்மின் துளையும் மூலக்கூற்றில் சந்திக்கும்போது, அவற்றின் தற்சுழற்சிகள் நான்கு வகைகளில் இணையலாம். அவற்றுள் ஒன்று ஒற்றை நிலை. எஞ்சிய மூன்றும் மும்மை நிலை. ஒற்றை நிலை உடனே ஒளியை உமிழும். மும்மை நிலை ஒளியை உமிழ்வதைக் குவாண்டம் விதி ஏறக்குறைய தடுத்துவிடுகிறது. அதன் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகக் கழிகிறது. நான்கில் மூன்று பங்கு வீண். எத்துணைத் தூய பொருளைச் சமைத்தாலும் இக்கணக்கு மாறாது என்பதால், 25 விழுக்காட்டையே பலர் மேல்வரம்பாகக் கொண்டனர்.

இங்கு நம் கலைச்சொற்களைப் பற்றி ஒரு சொல். ஒற்றை நிலையின் ஒளிர்வை உடனொளிர்தல் என்றும், மும்மை நிலையின் ஒளிர்வை நின்றொளிர்தல் என்றும் தமிழ்ப் பாடநூல்கள் வழங்குகின்றன. இவை பொருளைத் தம்முள்ளேயே தாங்கி நிற்கும் நல்ல ஆக்கங்கள். வகுப்பில் இவற்றைத் தயங்காது பயன்படுத்தலாம்.

நின்றொளிர்தல் மும்மை நிலையிலிருந்தே பிறக்கிறது என்பதை லூயிஸும் காஷாவும் 1944இல் எடுத்துரைத்திருந்தனர். அணுக்கரு கனமாக ஆக, எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் அதன் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் உள்ள பிணைப்பு வலுக்கிறது. ஒற்றை நிலைக்கும் மும்மை நிலைக்கும் இடையிலுள்ள வேலி தளர்கிறது. அலுமினியத்தின் அணு எண் 13. ஆஸ்மியம், இரிடியம், பிளாட்டினம் ஆகியவற்றின் அணு எண்கள் முறையே 76, 77, 78. வேறுபாடு விளங்கும்.

1998இல் இவ்வழி திறந்தது. ஹாங்காங்கின் சே சி-மிங்கும் அவருடன் உழைத்த சீன அறிஞர்களும் ஆஸ்மிய அணைவுகளைக் கொண்டு மும்மை நிலை ஒளியைப் பெற்றனர். இம்முயற்சி போதிய அளவு பேசப்படவில்லை என்பது நம் கருத்து. அதே ஆண்டில் மார்க் பால்டோ, ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்ப்சன் முதலியோர் பிளாட்டினப் போர்பைரினைச் சேர்த்துச் செந்நிறத் திரைக்கூறு ஒன்றை அமைத்தனர். நம் குருதியில் இரும்பைத் தாங்கும் வளையமும் போர்பைரின் குடும்பத்ததே. பிளாட்டினச் சேர்மத்தைத் தாங்கிய ஊடகமோ, கோடாக்கின் அதே அலுமினிய அணைவு. தானாக ஒளிர்ந்த பொருள், இப்போது தன் ஆற்றலை வேறொன்றுக்கு வழங்கும் பொருளாயிற்று. உள்ளே பிறந்த ஒளியின் திறன் 23 விழுக்காட்டை எட்டியது.

குறை ஒன்றிருந்தது. பிளாட்டினப் போர்பைரின் ஒளியை உமிழ ஏறத்தாழ 100 மைக்ரோநொடி எடுத்துக்கொள்கிறது. மின்னோட்டத்தைக் கூட்டினால் கிளர்வுற்ற மூலக்கூறுகள் தேங்கி, ஒன்றையொன்று அணைத்துவிடுகின்றன. விடை இரிடியத்தில் கிடைத்தது. பினைல்பிரிடின் ஈனிகள் மூன்று சூழ்ந்த இரிடிய அணைவின் ஒளிப்பண்புகளை வாட்ஸ் குழுவினர் 1985இலேயே ஆராய்ந்து வெளியிட்டிருந்தனர். திரையை எண்ணிச் செய்த ஆய்வன்று அது. அச்சேர்மம் ஓரிரு மைக்ரோநொடிகளில் ஒளிர்ந்து முடிவது. 1999இல் அதனைக் கொண்டு பச்சை ஒளி பெறப்பட்டபோது வெளித்திறன் 8 விழுக்காடாயிற்று. 2001இல் அடாச்சி முதலானோர் அதன் உறவுச் சேர்மம் ஒன்றினால் 19 விழுக்காடு கண்டனர். உட்திறன் 87 விழுக்காடு. வீணாகிய முக்கால் பங்கு பெரும்பாலும் மீட்கப்பட்டுவிட்டது. ஈனிகளை மாற்றினால் நிறமும் மாறும் என்பதால் சிவப்பும் பின்தொடர்ந்தது.

நீலம் மட்டும் இணங்கவில்லை. நீல ஒளிக்கு உயர்ந்த ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலைச் சில மைக்ரோநொடிகள் சுமந்து நிற்கும் இரு மூலக்கூறுகள் மோதினால், கூட்டாற்றல் வேதிப் பிணைப்பையே முறித்துவிட வல்லது. எனவே நீல இரிடியச் சேர்மங்கள் விரைவில் சிதைகின்றன. இரிடியமும் அரிய பொருள். பெரும்பங்கு தென்னாப்பிரிக்கப் பிளாட்டினச் சுரங்கங்களின் துணைவிளைவாகவே கிடைக்கிறது. இவற்றைக் கருதியே, 2001ஆம் ஆண்டின் அதே அடாச்சி, கியூஷூ பல்கலைக்கழகத்தில் கன உலோகமின்றி மும்மை நிலையை ஒற்றை நிலைக்கு மீட்கும் வழியை 2012இல் வெளியிட்டார்.

இன்றும் கரிம ஒளித்திரை கொண்ட பெரும்பாலான கைப்பேசிகளில் சிவப்பும் பச்சையும் நின்றொளிர்தலால் பிறக்கின்றன. நீலம் பழைய உடனொளிர்தல் வழியிலேயே வருகிறது. அதன் குறைந்த திறனையும் ஆயுளையும் ஈடுசெய்ய, திரையமைப்போர் நீலப் புள்ளியை மற்ற இரண்டினும் பெரிதாக வரைகின்றனர். நல்லதோர் உருப்பெருக்கியின் கீழ் மாணவர்கள் அதனைத் தாமே காணலாம்.