விமானியின் பதிவேடும் ஓடுபாதை போட்ட கைகளும்



இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர் அவர். 1939இல் தன் வாழ்க்கையைத் தானே 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று எழுதி அச்சிட்டவர். நம்மைப் பற்றி நாமே எழுதாவிட்டால் அடுத்தவர் எழுதமாட்டார், எழுதினாலும் நம்மை இழிவாகவே எழுதுவார் என்பதை அறிந்து செய்த காரியங்கள் இவை. அவர் அந்த நூலை வெளியிட்ட ஆண்டில்தான் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட பதினாறாம் நாள், 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார். அந்தப் போரில் யாருடைய பணி எழுதி வைக்கப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை என்பதே இன்றைய என் பேச்சு.

விமானிக்கு நிமிடக் கணக்கு

ஒரு குண்டுவீச்சு விமானியிலிருந்து தொடங்குகிறேன். பிரதாப் சந்திர லால் 1939இல் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். 1944இல் பர்மா முனையில் 7ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை ஏற்றார். அந்த ஸ்குவாட்ரன் அப்போது ஓட்டியது அமெரிக்கத் தயாரிப்பான வெஞ்சன்ஸ் என்ற விமானம். இரண்டு பேர் உட்காரலாம். உயரத்திலிருந்து மூக்கைக் கீழே கவிழ்த்துப் பாய்ந்து குண்டு போடும் வகை. லால் பிறகு விமானப்படைத் தளபதியாகி 1971 போரை நடத்தினார். தன் நினைவுகளையும் நூலாக்கினார்.

இப்படி ஒரு விமானியின் போர்க்காலத்தை இன்று ஒரு மாணவர் ஆராய விரும்பினால் என்னென்ன கிடைக்கும்? முதலில் அவருடைய பறப்புக் குறிப்பேடு. தேதி, விமானத்தின் வகை, எண், உடன் பறந்தவர், என்ன வேலை, பகலில் எத்தனை மணி, இரவில் எத்தனை மணி என்று ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி இருக்கும். அடுத்து ஸ்குவாட்ரனின் நடவடிக்கைப் பதிவேடு. எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை மணிக்கு இறங்கினார், எங்கே குண்டு விழுந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் இத்தகைய பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வரிசை எண்ணோடு இருக்கின்றன. பதவி உயர்வும் பதக்கமும் லண்டன் கெஜட்டில் அச்சாகும். விமானம் திரும்பவில்லை என்றால் அதற்கெனத் தனிக் கோப்பு. பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள் என்று ஒற்றைப்படை வரை அவர்களால் எண்ணிச் சொல்ல முடிவது இதனால்தான்.

உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்களைப் பற்றி இப்படி எழுதி வைத்ததில் தவறில்லை. அந்தக் காக்பிட்டில் உட்கார ஆங்கிலக் கல்வி வேண்டும், நேர்முகத் தேர்வில் தேற வேண்டும். பள்ளிக்கூடத்துத் திண்ணையிலேயே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. நம் கேள்வி அந்த விமானத்தின் சக்கரம் தொட்ட தரையைப் பற்றியது.

அரக்கோணத்துத் தரை

1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். இந்தியா முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட விமானத் தளங்களை அவசரமாக அமைக்கத் திட்டமிட்டது அரசு. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று நம் மாகாணத்தில் ஓடுபாதைகள் முளைத்தன. நம் பக்கத்து அரக்கோணத்தில் 1942இல் உருவான தளம்தான் 1992 மார்ச் 11 முதல் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி.

புல்டோசர் அரிதாக இருந்த காலம். அன்று இந்தியாவில் கட்டிய தளங்களின் புகைப்படங்களைப் பாருங்கள். தலையில் கூடையோடு கல்லும் மண்ணும் சுமக்கும் பெண்களின் வரிசை, சம்மட்டியால் ஜல்லி உடைக்கும் ஆண்கள். படத்தின் கீழே 'கூலிகள்' என்று எழுதியிருக்கும், பெயர் இருக்காது. கூலிக் கணக்கு குத்தகைதாரரின் நோட்டில் இருந்தது; வேலை முடிந்ததும் அந்த நோட்டுக்கு மதிப்பில்லை. மண் சுமப்பதும் கல் உடைப்பதும் இந்த நாட்டில் யாருடைய வேலையாக வைக்கப்பட்டிருந்தது என்பதை இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றவர் பாபாசாகேப் அம்பேத்கர். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையைத் தொட விடாமல் வளர்க்கப்பட்ட சுபேதார் ராம்ஜியின் மகன், போர்க்காலத்தில் இந்தியத் தொழிலாளர் அத்தனை பேருக்கும் பொறுப்பானார்.

ஒரு குடும்பம், மூன்று பத்தி

படைக்குள்ளும் நம்மவர்கள் இருந்தார்கள். பழைய மெட்ராஸ் படையில் பறையர்கள் நெடுங்காலம் பணியாற்றியிருக்கிறார்கள். 1881 முதல் 1885 வரை அதன் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்ற கருத்தைப் பரப்பினார். 'வீர இனம்' என்ற கோட்பாடு அதிகாரபூர்வமானது. 1890களில் மகர்களுக்குப் படைக் கதவு மூடப்பட்டது. முதல் உலகப் போரில் ஆப்பிரிக்காவின் தாங்கா வரை சென்ற மெட்ராஸ் பயனீர்களை 1933இல் கலைத்தார்கள். அடுத்த போர் வந்தபோது ஆள் தேவைப்பட்டது. 1941இல் மகர் ரெஜிமெண்ட், 1943இல் சமார் ரெஜிமெண்ட். போர் முடிந்ததும் 1946இல் சமார் ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டார்கள். லாயக்கற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மெட்ராஸ் மாகாணம்தான் அந்தப் போரில் பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிகம் பேரைப் படைக்கு அனுப்பியது.

மெட்ராஸ் சப்பர்கள் பாலம் கட்டினார்கள், கண்ணிவெடி அகற்றினார்கள். செங்கல்பட்டு மாவட்டம் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கப் போகும் கண்ணிவெடியின் மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. எந்தச் சாதிக்கும் அவரை உரிமை கோருவதற்காக இதைச் சொல்லவில்லை. விமானி ஒவ்வொரு முறை பறக்கும்போதும் எழுதப்பட்டான். சப்பர் தன் உடலைக் கொடுத்தபோதுதான் உலகுக்குத் தெரியும்படி எழுதப்பட்டான். இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

சாவிலும் சமத்துவம் இல்லை. முதல் உலகப் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்கப் படையினரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ அல்லது அறவேயோ நினைவுகூரப்படவில்லை என்றும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் அறிக்கையே 2021இல் ஒப்புக்கொண்டது.

தேடும் வழி

மாணவர்களுக்கு நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, ஊரின் முகவரி. திருத்தணி 1911 முதல் சித்தூர் மாவட்டம். 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960 ஏப்ரல் 1இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டம். ஆகவே இரண்டு போர்களிலும் இங்கிருந்து போனவர் 'சித்தூர்' என்றே பதிவாகியிருப்பார். அரக்கோணமோ அன்று வட ஆற்காடு. தவறான மாவட்டத்தில் தேடினால் உங்கள் தாத்தா கிடைக்கமாட்டார்.

இரண்டு, சாதியின் பெயர். 1922இல்தான் சென்னை அரசு 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றது. அதற்கு முன்பு பறையர், பஞ்சமர். மதம் மாறியிருந்தால் கிறித்தவர் என்ற பத்தி. நம் எல்லைப் பகுதியில் மாலா, மாதிகா. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள் மூன்று பத்தியில் இருக்கக்கூடும்.

மூன்று, வீட்டு டிரங்குப் பெட்டி. பதக்கம் இருந்தால் விளிம்பையும் பின்பக்கத்தையும் பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்கள் பலவற்றில் எண், பெயர், பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்தான் திறவுகோல். விடுவிப்புச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், மணியார்டர் துண்டு எதையும் எறியாதீர்கள். எண் கிடைத்ததும் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் படையின் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். இறந்தவர் என்றால் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியலில் தேடுங்கள். பர்மாவில் உடல் கிடைக்காமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. தளத்துக்காக நிலம் எடுத்த கோப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்.

நான்கு, கேட்டு எழுதுவது. பல சேரிகளில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒரு வீடு இருக்கும். ஓடுபாதையில் கல் சுமந்த பாட்டிமார்களுக்கு எந்த எண்ணும் கிடையாது. அவர்கள் மகளிடமும் பேத்தியிடமும் சொல்லிவிட்டுப் போனதுதான் ஆவணம். தொகுப்பு வீடு கட்டப் பழைய வீட்டை இடிக்கும்போது பெட்டியும் குப்பைக்குப் போகிறது.

பெருமைக்காக அல்ல

வெள்ளைக்காரன் போருக்குப் போனதில் நமக்கு என்ன பெருமை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பேரரசுக்கு மாலை போடவோ, 'நாங்களும் வீரப் பரம்பரை' என்று மீசை முறுக்கவோ இந்த ஆராய்ச்சி தேவையில்லை. வீர இனம் என்ற சொல்லே நம்மை வெளியே தள்ளப் பிறந்த சொல். அதற்குள் நமக்கு இடம் கேட்பது வீண். நாம் தேடுவது உழைப்பின் கணக்கை, கூலியின் கணக்கை, வாக்குறுதியின் கணக்கை. வேண்டியபோது அழைத்து, வேலை முடிந்ததும் கலைத்த அரசுகளின் பழக்கத்தை ஆவணத்தோடு நிறுவுவதற்காகத் தேடுகிறோம்.

இந்த மன்றம் ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். திருத்தணி, அரக்கோணம் வட்டாரச் சேரிகளில் வீடு வீடாகச் சென்று, படைக்குப் போனவர் பெயரையும் தளத்தில் கல் சுமந்தவர் பெயரையும் ஒரே பதிவேட்டில், ஒரே பத்தியில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டில் பெண்களின் பெயர் கணவன் பெயருக்குப் பின்னால் வரக்கூடாது. அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேருரைக்கு முன்பாக அந்தப் பெயர்களை வாசிப்போம்.