திண்ணைப் பள்ளிக் கணக்கும் தொழில் வாழ்வும்: குப்பம் எல்லைப் பகுதியை முன்வைத்து

1. முன்னுரை

பள்ளியில் கற்ற எழுத்தும் எண்ணும் அன்றாடத் தொழிலில் எவ்வாறு பயன்படுகின்றன என்னும் வினா பெரும்பாலும் கல்வியியலாரின் வினாவாகவே கருதப்பட்டு வந்துள்ளது. எனினும் கணக்கிடும் திறன் சொற்களின் வழியாகவே கைவருகிறது. சொல் மாறும் இடத்தில் திறனும் சோதனைக்கு உள்ளாகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்கும் குப்பம் பகுதி இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். கங்குந்தி ஜமீனைச் சார்ந்த இப்பகுதி முன்னர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. ஆட்சி எல்லைகள் மாறியபோதும் சந்தையிலும் களத்திலும் மும்மொழி வழக்கு தொடர்ந்தது. இவ்வட்டாரத்தில் வழங்கிய பின்னப் பெயர்களைக் கொண்டு, பள்ளித் திறனுக்கும் தொழிலுக்கும் இருந்த தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. திண்ணைப் பள்ளியின் பாடம்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உள்நாட்டுக் கல்வி பற்றிய விவரங்களைத் திரட்ட ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய அறிக்கைகளின் அடிப்படையில், 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன என அவர் 1826இல் பதிவு செய்தார்.

இவ்வறிக்கைகளுள் பெல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823இல் எழுதியது குறிப்பிடத்தக்கது. மாணவர்கள் செய்யுள்களைப் பொருள் விளங்காமலேயே மனப்பாடம் செய்தனர் என்று அவர் குறை கூறினார். அதே அறிக்கையில் மற்றொரு பயிற்சியையும் குறிப்பிட்டார். ஆசிரியர் பல இடங்களிலிருந்து உண்மையான கடிதங்களைத் திரட்டி வைத்து, வெவ்வேறு கையெழுத்துகளைப் படிக்கப் பழக்கினார். கடிதம் வரைதலும் ஒப்பந்தம் எழுதுதலும் பாடத்தில் இடம்பெற்றன. செய்யுட் பாடம் பேச்சு மொழியிலிருந்து விலகி நின்றது. கடிதப் பாடமோ பிற்காலத்தில் மாணவன் செய்யப்போகும் வேலையிலிருந்தே எடுக்கப்பட்டது. திண்ணைப் பள்ளியின் வலிமையும் குறையும் இவ்விரண்டிலும் ஒருங்கே காணப்படுகின்றன.

தமிழ்ப் பள்ளிகளில் அரிச்சுவடிக்குப் பின் எண்சுவடி பயிற்றப்பட்டது. முழு எண்களின் பெருக்கலோடு பின்னங்களின் பெருக்கலும், நெல்லளவைகளும், நிலத்தின் குழிக்கணக்கும் அதில் அடங்கும். பன்னிரண்டு குறுணி ஒரு கலம், எட்டு நாழி ஒரு குறுணி என்னும் வாய்ப்பாடு களத்தில் கூலி அளக்கும்போது நேரே பயன்பட்டது.

3. பெயரே கணக்காதல்

தமிழ்ப் பின்னப் பெயர்களில் இரு வரிசைகள் உள்ளன. ஒன்று நான்கின் வழிச் செல்வது: கால், மாகாணி (1/16). மற்றொன்று இருபதின் வழிச் செல்வது: மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320). இவ்விரு வரிசைகளையும் இணைப்பது மாகாணி என்னும் தொகைச்சொல். மாவும் காணியும் கூடினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. சொல்லைப் பிரிக்கத் தெரிந்த மாணவனுக்குக் கூட்டலின் விடையும் தெரிந்துவிடும். எண்சுவடி வெறும் மனப்பாடம் என்னும் கருத்தை இச்சான்று ஓரளவு மறுக்கிறது எனலாம்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் நான்கின் வரிசையே தொடர்கிறது. தெலுங்கில் பாதிக கால். வீசமு பதினாறில் ஒன்று. கானி அறுபத்து நான்கில் ஒன்று. வீசம் என்னும் சொல் தமிழிலும் அதே மதிப்பில் வழங்குகிறது. பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் ஓரணாவும் ஒரு வீசமும் ஒன்றே. ஆகவே பதினாறில் ஒன்று என்னும் அளவில் இம்மொழிகள் தடையின்றிச் சந்தித்தன.

காணியில் அவை பிரிகின்றன. தமிழில் 1/80 ஆகும் காணி, தெலுங்கிலும் கன்னடத்திலும் 1/64 ஆகும். தெலுங்கு வழக்கில் காலணா நாணயமும் கானி எனப்பட்டது. 320 ரூபாயில் ஒரு காணிப் பங்கு என்று கொண்டால், தமிழ்க் கணக்கில் நான்கு ரூபாய், தெலுங்குக் கணக்கில் ஐந்து ரூபாய். இதற்கு மேல், தமிழில் காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர் கொண்ட நில அளவையும் குறிக்கும். ஒலி ஒத்திருப்பதால் பொருளும் ஒன்று எனக் கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் இங்கு எளிதில் பிழைபடுவார். எல்லைப் பகுதிக் கணக்கனுக்குப் பெருக்கல் தெரிந்திருப்பது மட்டும் போதாது. எம்மொழியின் காணி என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும்.

4. கற்றவரும் கல்லாதவரும்

இத்திறன் அனைவருக்கும் கிட்டவில்லை. மன்றோ திரட்டிய விவரங்களில் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை மிகச் சிறிது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திண்ணைப் பள்ளி பெரும்பாலும் மூடியே இருந்தது. இதன் விளைவு தொழில் உறவுகளில் வெளிப்பட்டது. அளப்பவனுக்குக் கணக்குத் தெரியும். கூலி பெறுபவனுக்குத் தெரியாது. கடன் பத்திரத்தில் எழுதப்பட்டது ஒருவருக்குப் புரியும். மற்றவர் கைநாட்டு வைப்பார். ஊரின் நிலக்கணக்கை வைத்திருந்த கர்ணத்தின் செல்வாக்கிற்குப் பரம்பரை உரிமையோடு இவ்வறிவின் அருமையும் காரணமாகும். தமிழ்நாட்டில் 1980இலும் ஆந்திரப் பிரதேசத்தில் 1984இலும் பரம்பரை ஊர் அலுவலர் பதவிகள் நீக்கப்பட்டன.

5. அளவைகளின் மாற்றம்

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு புதுக்காசுகளாகப் பகுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் எடைகளும் அளவைகளும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. மாகாணி வாய்ப்பாடு தொழிற்பயனை இழந்தது. பதின்மக் கணக்கு மூன்று மொழியினருக்கும் ஒரே மதிப்பைத் தந்ததால் காணிக் குழப்பம் நீங்கியது. பெரிய ஏமாற்று வாய்ப்பொன்றும் அதனோடு குறைந்தது. ஆனால் பெயரிலேயே கணக்கைக் காணும் பழக்கமும் மறைந்தது.

நிலப் பதிவேட்டின் சொற்கள் மறையவில்லை. அடங்கல் என்னும் தமிழ்ச்சொல் ஆந்திர வருவாய்த்துறை வழக்கில் இன்றும் உள்ளது. கன்னட வழக்கில் அதற்கு ஈடானது பஹணி. பள்ளியில் எண்ணும் எழுத்தும் கற்ற குப்பத்து உழவர் ஒருவர் தம் அடங்கலைத் தாமே படித்து, பரப்பளவு சரியாக உள்ளதா எனப் பார்க்க இயலும். கற்காதவர் பிறரை நம்பியிருக்க வேண்டும். இந்த வேறுபாடு கர்ணத்தின் காலத்திலிருந்து மாறவில்லை.

6. முடிவுரை

பள்ளித் திறன் தொழிலில் பயன்படுவதற்கு இரு நிபந்தனைகள் தேவை என்பது மேற்கண்ட சான்றுகளால் பெறப்படும். பாடம் வேலையில் உண்மையாக வழங்கும் கடிதம், அளவை, பதிவேடு ஆகியவற்றைத் தொட வேண்டும். அவற்றின் சொற்களை, மொழிக்கு மொழி மாறும் பொருளோடு கற்பிக்க வேண்டும். பின்னப் பெயர்களும் அளவைப் பெயர்களும் முதியோர் நாவிலும் பழைய பத்திரங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை மும்மொழி மதிப்புகளோடு தொகுப்பது பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்போருக்கு உடனடித் தேவையாகும். 1997இல் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகத்தின் சுற்றுப்புறமே அதற்குரிய கள ஆய்வைத் தொடங்கத் தக்க இடமாகும்.