காய்ச்சல் நிற்கல, சாவு பாதியாச்சு

புதுக்கோட்டையில இருந்து திருச்சி போற வழியில நார்த்தாமலை இருக்கு. ஹிஸ்டரி பாட்காஸ்ட்னா மலைமேல இருக்கிற விஜயாலய சோழீஸ்வரத்தைப் பத்தித்தான் பேசணும். அதுக்குத் தனி எபிசோடு போடலாம். இன்னைக்குக் கதை முத்துமாரியம்மன் கோயில்ல தொடங்குது.

அம்மைக் கொப்புளத்துக்கு நம்ம ஊர்ல 'முத்து'ன்னு பேரு. வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகி, தாளிப்பை நிறுத்தி, முத்து இறங்கினதும் தண்ணி ஊத்தி, பிறகு கோயிலுக்கு வந்து வேண்டுதலைச் செலுத்துவாங்க. அம்மை வரவே கூடாதுங்கிறது மட்டும் இல்ல அந்த வேண்டுதல். வந்த அம்மை புள்ளையை உயிரோட விட்டுட்டு இறங்கணும். இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கங்க.

பெரியம்மை ஒழிஞ்சதா 1980ல் அறிவிச்சாங்க. தட்டம்மை இன்னும் இருக்கு. அதுக்கும் வைட்டமின் ஏ-வுக்கும் உள்ள தொடர்பு ரொம்பப் பழசு. 1932ல் லண்டன்ல எலிசன்ங்கிற டாக்டர், தட்டம்மை வந்த 600 குழந்தைகள்ல பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ அதிகமுள்ள மருந்து கொடுத்தார். கொடுத்த 300 பேர்ல 11 பேர் இறந்தாங்க. கொடுக்காத 300ல் 26 பேர். இவ்வளவு தெளிவான ரிசல்ட்டை மருத்துவ உலகம் அரை நூற்றாண்டு கிட்டத்தட்ட மறந்தே போச்சு. எனக்கு இன்னும் ஆறல.

எண்பதுகள்ல இந்தோனேசியாவுல ஆல்ஃபிரட் சோமர் வேலை செஞ்ச பிறகுதான் கேள்வி திரும்ப எழுந்தது. அடுத்த பெரிய பதில் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல இருந்து வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மதுல்லா குழு, 15,419 குழந்தைகளை ஒரு வருஷம் கவனிச்சாங்க. ஆபீஸ்ல நாங்க ஏ/பி டெஸ்ட்னு சொல்றதுதான், ஆனா இங்க தோத்தா போறது உயிர். வாராவாரம் ஆள் போய் ஒரு பாதிக்கு வைட்டமின் ஏ-வும் ஈ-யும், மறுபாதிக்கு ஈ மட்டும் கொடுத்தாங்க. ஏ எவ்வளவு? 8,333 யூனிட். ஒரு குழந்தைக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டுல கிடைக்க வேண்டிய அளவுதான்.

1990ல் முடிவு வெளியாச்சு. ஒரு பக்கம் 80 சாவு, வைட்டமின் ஏ பக்கம் 37. 54 சதவீதம் குறைவு.

அடுத்த வருஷம் அதே குழு வெளியிட்ட கட்டுரைதான் என்னை நிறுத்தி யோசிக்க வெச்சது. வயித்துப்போக்கும் சளிக்காய்ச்சலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வந்திருக்கு! அதாவது வைட்டமின் ஏ நோயைத் தடுக்கல; வந்த நோய் உயிரைக் கொண்டு போறதைத் தடுத்துச்சு. குடல், மூச்சுக்குழாய், கண் இதுக்கெல்லாம் மேல இருக்கிற மெல்லிய தோலைப் பழுது பார்க்க இந்தச் சத்து வேணும். தட்டம்மை அந்தத் தோலையும் சிதைக்கும், கையிருப்புச் சத்தையும் காலி பண்ணும். அதனாலதான் தட்டம்மை வந்த குழந்தைக்கு வயசுக்கேத்த அளவுல ரெண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். டாக்டர் கையால, அளவோட. 2025ல் டெக்சாஸ்ல தட்டம்மை பரவினப்போ, வீட்டுலயே அளவில்லாம கொடுத்து, கல்லீரல் பாதிச்ச குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. தடுப்பூசிக்கு இது மாற்றும் இல்ல.

கதையில ஒரு முடிச்சு இருக்கு. அதே 1990ல் ஹைதராபாத் பக்கம் நடந்த ஆய்வுல ஆறு மாசத்துக்கு ஒருமுறை பெரிய டோஸ் கொடுத்துப் பார்த்தாங்க. சாவு எண்ணிக்கையில வித்தியாசம் இல்ல. அங்க ரெண்டு பக்கமுமே சாவு குறைவா இருந்ததுங்கிறது ஒரு விளக்கம். சின்னதா அடிக்கடி கொடுக்கிறதும், பெருசா எப்பவாவது கொடுக்கிறதும் உடம்புக்கு ஒண்ணு இல்லன்னுதான் எனக்குத் தோணுது.

ஆனா அரசுத் திட்டம் 1970லயே பெரிய டோஸ்ல தொடங்கிடுச்சு. வாராவாரம் வீடு வீடாப் போக ஆள் வேணுமே! இன்னைக்கும் ஒன்பதாம் மாசம் தட்டம்மைத் தடுப்பூசியோட ஒரு லட்சம் யூனிட், பிறகு அஞ்சு வயசு வரை ஆறு மாசத்துக்கு ஒருமுறை ரெண்டு லட்சம். மொத்தம் ஒன்பது டோஸ்.