காதைக் கேட்ட ஊசி

என் தாத்தாவிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தில் அவர் வானொலியைத் திறந்தால் பக்கத்து நான்கு வீட்டுக்கும் செய்தி போய்விடும். வயசாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். பாட்டிதான் ஒருநாள் சொன்னார்: "வயசெல்லாம் இல்ல. எளவட்டமா இருக்கறப்போ டீபி வந்து மாசக்கணக்கா ஊசி போட்டாங்க. அப்பவே காது போச்சு."

அது ஸ்ட்ரெப்டோமைசினாகத்தான் இருக்க வேண்டும். 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க்குப் பலன் தந்த முதல் ஆன்டிபயோட்டிக். உட்செவியின் மயிர்செல்களை அது அழித்துவிடக்கூடும். அழிந்தவை திரும்ப முளைக்காது. உயிரா காதா என்றால் உயிர்தானே. தாத்தா அதைப்பற்றிக் குறைபட்டுக்கொண்டதே இல்லை.

அந்தப் பேரம் அவர் காலத்தோடு முடியவில்லை என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1960களின் இறுதியில் ரிஃபாம்பிசின் வந்ததும் பணக்கார நாடுகள் காசநோயை மறந்தன. புதிய மருந்துக்கான ஆராய்ச்சியும் படுத்துவிட்டது. ஏழைகளின் இருமலில் என்ன லாபம்? ஆனால் கிருமி சும்மா இருக்கவில்லை. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத வகை பரவியது. அப்போது மருத்துவர்கள் மீண்டும் ஊசியைத்தான் எடுத்தார்கள். கனாமைசின், அமிகாசின் என்று பெயர் மட்டும் வேறு, ஸ்ட்ரெப்டோமைசினின் உறவுக்காரர்கள்தான்.

தென்னாப்பிரிக்காவின் கயலிட்ஷாவைச் சேர்ந்த பூமேசா டிசிலே மாணவியாக இருந்தபோது இந்தச் சிகிச்சையில் செவித்திறனை இழந்தார். மும்பையின் நந்திதா வெங்கடேசன், பரதநாட்டியம் ஆடுபவர், 2013இல் இழந்தார். கிருமியின் ஆற்றல் தயாரிப்பையே நிறுத்தும் பெடாகுவிலின் மாத்திரைக்கு அமெரிக்கா 2012 டிசம்பரிலேயே அனுமதி கொடுத்திருந்தது. மருந்து உலகத்தில் இருந்தது, அவருக்குக் கிடைக்கவில்லை.

இருவரும் 2019இல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்தார்கள். அம்மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை வாங்கி, தனியுரிமையை 2027வரை நீட்டிக்கப் பார்த்தது ஜான்சன் அண்ட் ஜான்சன். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஜூலையில் மூலக் காப்புரிமையும் காலாவதியானது. மற்ற நிறுவனங்களும் மலிவாகத் தயாரிக்க வழி பிறந்தது. மருந்தின் வரலாறு என்றால் ஆய்வகத்தைத்தான் நினைப்போம். காது கேளாத இரண்டு இளம்பெண்கள் கொடுத்த மனுவும் அதில் ஓர் அத்தியாயம் என்றே எனக்குப் படுகிறது.

2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆறுமாதச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது: பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லினிசோலிட், மோக்சிஃப்ளாக்சசின். அத்தனையும் மாத்திரை. முன்பெல்லாம் பதினெட்டு மாதம், அதற்கு மேலும் இழுக்கும். இதிலும் விலை உண்டு. மோக்சிஃப்ளாக்சசின் தவிர்த்த மூன்றை வைத்துத் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வில் 109 பேரில் 98 பேருக்குப் பலன் கிடைத்தது. ஆனால் 81 சதவீதத்தினருக்கு நரம்பு பாதித்து கைகால் மரத்தது. லினிசோலிட் செய்த வேலை. அடுத்த ஆய்வில் அதன் அளவைப் பாதியாக்கினார்கள். பாதிப்பு குறைந்தது, பலன் பெரிதாகக் குறையவில்லை.

தாத்தா இப்போது இல்லை. பாட்டியிடம் இதையெல்லாம் என்னால் முடிந்தமட்டும் விளக்கினேன்.

"ஊசியே கெடையாதா?" என்றார்.

"கெடையாது பாட்டி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார், "ஊசியே கெடையாதா?"