அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு இயக்கம் (1904–1941)

1890களிலிருந்து ஏறத்தாழ 1920 வரையிலான காலத்தை அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் முற்போக்குக் காலம் என்று அழைக்கின்றனர். தொழில்மயமாக்கலின் தீமைகளைச் சட்டத்தின் வழியாகக் களைய முடியும் என்ற நம்பிக்கையில் அப்போது பல சீர்திருத்த இயக்கங்கள் எழுந்தன. அவற்றுள் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு இயக்கமும் ஒன்று. மக்களின் ஆதரவையும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலையும் பெற்ற பிறகும், அரசியலமைப்புச் சட்டத்தின் முன் அது இருமுறை தோற்றது.

பின்னணி

1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 15 வயது வரையிலான சுமார் 17.5 இலட்சம் சிறுவர் சிறுமியர் வருவாய்க்காக வேலை செய்தனர். இவர்களில் பெரும்பாலோர் வயல்களில் உழைத்தனர். மற்றவர்கள் நூற்பாலைகள், சுரங்கங்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள் போன்ற இடங்களில் இருந்தனர். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் சிறுவர்கள் குனிந்து அமர்ந்து, ஓடிவரும் கரியிலிருந்து கற்களைப் பொறுக்கினர். தென் மாநில நூற்பாலைகளில் சிறுமிகள் அறுந்த இழைகளை முடிந்தனர்.

சில மாநிலங்களில் வயது வரம்புச் சட்டங்கள் இருந்தன. ஆனால் ஒரு மாநிலம் தடை விதித்தால், தடை இல்லாத மாநிலத்தில் உற்பத்திச் செலவு குறையும். ஆலைகளும் அங்கே நகரும். இந்த அச்சமே பல சட்டமன்றங்களின் கைகளைக் கட்டியது. பிள்ளைகளின் கூலியை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களும் தடையை எளிதில் ஏற்கவில்லை.

இயக்கத்தின் தோற்றம்

1903இல் 'அன்னை ஜோன்ஸ்' எனப்பட்ட தொழிற்சங்கப் போராளி மேரி ஹாரிஸ் ஜோன்ஸ், பிலடெல்பியா ஆலைச் சிறுவர்களுடன் ஊர்வலமாகப் புறப்பட்டார். குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட்டின் ஆய்ஸ்டர் பே இல்லத்துக்குச் சென்று முறையிடுவது நோக்கம். ரூசவெல்ட் அவர்களைச் சந்திக்கவில்லை. எனினும் செய்தித்தாள்கள் வழியாகச் சிக்கல் நாடெங்கும் பேசப்பட்டது.

அடுத்த ஆண்டு தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு நிறுவப்பட்டது. அலபாமாவின் மதகுரு எட்கர் கார்ட்னர் மர்பி, நியூயார்க்கின் பீலிக்ஸ் அட்லர், இல்லினாய்சில் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த புளோரன்ஸ் கெல்லி ஆகியோர் இதில் முக்கியமானவர்கள்.

1908 முதல் இக்குழுவுக்காகப் பணியாற்றிய லூயிஸ் ஹைன், ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சிறுவர்களை ஒளிப்படம் எடுத்தார். நிர்வாகம் தடுக்கும் என்பதால் வேறு வேலையாக வந்தவர்போல் உள்ளே நுழைவதுண்டு. தம் மேலாடைப் பொத்தான்களைக் கொண்டு குழந்தைகளின் உயரத்தைக் கணித்து, பெயர், வயது, வேலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். படத்துடன் விவரமும் இருந்ததால் மறுப்பது கடினமாயிற்று. 1912இல் கூட்டாட்சி அரசு குழந்தைகள் நலப் பணியகத்தை அமைத்து, ஜூலியா லாத்ரப்பை அதன் தலைவராக்கியது.

சட்டமும் நீதிமன்றமும்

மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கூட்டாட்சிக்கு உண்டு. அதை அடிப்படையாகக் கொண்டு 1916இல் கீட்டிங்–ஓவன் சட்டம் நிறைவேறியது. 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்தும் தொழிற்சாலைகளின் பொருள்களும், 16 வயதுக்குட்பட்டோரை அமர்த்தும் சுரங்கங்களின் பொருள்களும் மாநில எல்லை கடந்து விற்கப்படக் கூடாது என்றது. 14, 15 வயதினருக்குத் தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி நேர வரம்பும் இரவு வேலைத் தடையும் இருந்தன.

சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு நிறைவதற்குள், 1918 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஹேமர் எதிர் டேகன்ஹார்ட் வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் அதைச் செல்லாததாக்கியது. வழக்குத் தொடுத்தவர், வட கரோலினா ஆலையில் தம் இரு மகன்களும் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும் என விரும்பிய ஒரு தந்தை. உற்பத்தி என்பது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி ஹோம்ஸ் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

1919இல் குழந்தைகளை அமர்த்தும் நிறுவனங்களின் இலாபத்தில் 10 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அது வரி என்ற பெயரிலான தண்டனையே என்று 1922இல் அதே நீதிமன்றம் அதையும் நீக்கியது. எனவே 1924இல் நாடாளுமன்றம் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை முன்மொழிந்தது. குடும்ப வாழ்வில் அரசு தலையிடும் என்ற எதிர்ப்பு பரவியது. அன்றிருந்த 48 மாநிலங்களில் 36 ஏற்றிருக்க வேண்டும். 28 மட்டுமே ஏற்றன.

1938 சட்டம்

பொருளாதாரப் பெருமந்தத்தில் பெரியவர்களுக்கே வேலை கிடைக்காத நிலையில், சிறுவர் உழைப்புக்கான ஆதரவு சரிந்தது. 1938இன் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் பெரும்பாலான வேலைகளுக்கு 16 வயதையும், ஆபத்தானவற்றுக்கு 18 வயதையும் வரம்பாக்கியது. 1941இல் டார்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை ஒருமனதாக ஏற்று, 1918 தீர்ப்பை வெளிப்படையாகக் கைவிட்டது.

மதிப்பீடு

1916இல் நாடாளுமன்றம் முடிவெடுத்த ஒன்று நிலைபெற 25 ஆண்டுகள் ஆயின. அன்று 10 வயதில் நூற்பாலைக்குச் சென்ற குழந்தைக்கு 1941இல் 35 வயது. மேலும், 1916 சட்டம் தொழிற்சாலைகளையும் சுரங்கங்களையுமே தொட்டது. 1938 சட்டமும் பள்ளி நேரத்துக்கு வெளியே விவசாய வேலையை அனுமதித்தது. தென் மாநிலப் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பினக் குழந்தைகளும், இடம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இதனால் பாதுகாப்புக்கு வெளியே நின்றனர். 1900இல் உழைத்த குழந்தைகளில் பெரும்பாலோர் இருந்த இடமும் வயல்தான். பெற்றோர் ஒப்புதலுடன் 12 வயதினர் பண்ணைகளில் வேலை செய்வதைக் கூட்டாட்சிச் சட்டம் இன்றும் அனுமதிக்கிறது.