ஓர் ஆய்வேடு மீட்டெடுத்த உண்மை

இமாம் தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்களின் தபகாத்தைப் புரட்டுவோருக்கு அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) ஒரு ஷாஃபிஈ அறிஞராக அறிமுகமாவார். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஃபிக்ஹ் போதித்த அவர், ஹதீஸ் கலையின் விதிகள் குறித்தும் நூல் யாத்தவர். ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) மறைந்த அப்பெருமகனார் தலைசிறந்த மருத்துவரும் ஆவார். எனினும் அவருடைய தலையாய கண்டுபிடிப்பை 20ஆம் நூற்றாண்டு வரை மருத்துவ வரலாற்று நூல்கள் அறிந்திருக்கவில்லை.

1924இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் முஹ்யித்தீன் ததாவீ என்ற எகிப்திய மருத்துவர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். பெர்லின் நூலகத்தில் கிடந்த ஓர் அரபுக் கையெழுத்துப் பிரதியே அதற்கு அடிப்படை. இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு இப்னுந் நஃபீஸ் எழுதிய விரிவுரை அது. இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்கு, நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே இரத்தம் கசிகிறது என்பது கிரேக்க மருத்துவர் காலனின் கொள்கை. அச்சுவர் தடித்தது, அதில் துளையே இல்லை என்று மறுத்த இப்னுந் நஃபீஸ், இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றுடன் கலந்து, பின்னரே இடப்புறம் வந்தடைகிறது என்று எழுதினார். ஐரோப்பாவில் இக்கருத்தை செர்வெட்டஸ் அச்சிட்டது 1553இல்தான்.

இவ்விரிவுரையில் ‘அல்வரீதுஷ் ஷிர்யானீ’ என்றொரு சொல் வருகிறது. இலக்கணப்படி அது ஒரு ‘வரீது’, அதாவது சிரை. இன்றைய மருத்துவமோ அந்த நாளத்தைத் தமனி என்கிறது. அரபு மட்டும் கற்ற என் போன்றோர் இங்கே இடறுவோம். மருத்துவம் மட்டும் கற்றவரால் அப்பிரதியைப் படிக்கவே இயலாது. ததாவீயிடம் இரண்டும் இருந்தன. அவருடைய பேராசிரியர்களுக்கு அரபு தெரியாததால், கெய்ரோவில் வாழ்ந்த கண் மருத்துவரும் அரபு அறிஞருமான மாக்ஸ் மேயர்ஹோஃபின் கருத்தை நாடினர். அவர் சரிபார்த்து உறுதி செய்தார். பொறியியலிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1206ஆம் ஆண்டளவில் ஜஸரீ எழுதிய இயந்திர நூலை 1974இல் ஆங்கிலத்தில் தந்த டொனால்ட் ஹில், தொழிலால் பொறியாளர். பின்னாளில் அரபு வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்.

‘ஹார்வி நம்மிடமிருந்து திருடினார்’ என்று மேடைகளில் முழங்குவோரைக் கேட்கும்போது வருத்தமே மேலிடுகிறது. இப்னுந் நஃபீஸ் கண்டது நுரையீரல் வழிச் சுழற்சி. உடல் முழுவதும் நிகழும் குருதிச் சுற்றோட்டத்தை 1628இல் சோதனைகளுடன் நிறுவியவர் ஹார்வி. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இமாமவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது. உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து ஷரீஅத்தும் தம் இரக்க உணர்வும் தம்மைத் தடுத்ததாக அவரே முன்னுரையில் எழுதியுள்ளார். அக்கூற்றை எவ்வளவு நேர்பொருளில் கொள்வது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

உலகம் இச்செய்தியைப் பரவலாக அறிந்தது 1930களில் மேயர்ஹோஃப் எழுதிய கட்டுரைகளால். ததாவீயின் ஆய்வேடோ அன்று அச்சேறாமல், சில தட்டச்சுப் படிகளாகவே தங்கிவிட்டது.